செப்டம்பர் 30-உம் பதில் சொல்லாத புரோக்கரும்

ரீசேலில் டைம்ஷேர், அதாவது விடுமுறை ரிசார்ட்டில் ஆண்டுதோறும் தங்கும் உரிமை, வாங்குவது தப்பான காரியம் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் நேரடியாக வாங்குவதைவிட, ஏற்கனவே வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வாங்கினால் பெரும்பாலும் விலை நன்றாகவே குறையும். சில கட்டுப்பாடுகளும் உண்டு. இந்தக் கிளப்பில் அறை எடுக்க பணத்துக்குப் பதில் ஆண்டுதோறும் கணக்கில் வரும் பாயிண்ட்களைக் கொடுக்கிறோம். 2019 ஜனவரி 19 முதல் பழைய ரிசார்ட் பாயிண்ட்களை ரீசேலில் வாங்கியவர்கள், ரிவியேரா ரிசார்ட்டில் அவற்றைப் பயன்படுத்த முடியாது. எனக்கு வேண்டியது போர்டுவாக் ரிசார்ட், அதன் ஒப்பந்தம் 2042-இல் முடிகிறது என்பதும் தெரிந்துதான் வாங்கினேன். இதில் எதைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. கோபமெல்லாம் நடுவில் நின்ற புரோக்கர் மேல்தான்.

விலை பேசும்போது அவர் காட்டிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராத்திரி மெயில் போட்டால் காலையில் ஃபோன் வரும். கையெழுத்துப் போட்டு, எஸ்க்ரோவில், அதாவது விற்பனை முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் நடுநிலைக் கணக்கில், முன்பணமும் கட்டியாயிற்று, அவ்வளவுதான், அதன் பிறகு நான் அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

காத்திருப்பது இந்த வியாபாரத்தில் சகஜம், அதை நான் குறை சொல்லவில்லை. அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை டிஸ்னிக்கு உண்டு, அதை முடிவு செய்ய வழக்கமாக 30 நாள் வரை போகும். அப்புறம் எஸ்டாப்பல் வர வேண்டும், அதாவது விற்பவர் கணக்கில் எத்தனை பாயிண்ட் இருக்கிறது, ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கிளப் எழுத்தில் கொடுக்கும் சான்று. அதற்குப் பிறகு க்ளோசிங், அதாவது பணம் கைமாறி விற்பனை முடிவது, பிறகு ஃபுளோரிடாவில் பத்திரப் பதிவு, கடைசியில் நம் பெயரில் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் “இது முடிந்தது, அடுத்தது இது” என்று ஒரு வரி எழுதினால் போதும், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

என் விஷயத்தில் தேதி ஒன்று கழுத்தில் உட்கார்ந்திருந்தது. நான் வாங்கிய ஒப்பந்தத்தின் ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. அந்த ஆண்டுப் பாயிண்ட்களை அடுத்த ஆண்டுக்கு மாற்றிவைக்க முதல் எட்டு மாதம்தான் அவகாசம், அதாவது செப்டம்பர் 30. கணக்கு இன்னும் விற்பவர் பெயரில் இருக்கும்போது அதை அவர்தான் செய்ய முடியும், எனக்கு அவரோடு நேரடித் தொடர்பும் கிடையாது. அதனால் புரோக்கரிடம் “விற்பவரிடம் சொல்லி மாற்றிவைக்கச் சொல்லுங்கள்” என்று ஆகஸ்டிலேயே எழுதினேன், தேதியைத் தடித்த எழுத்தில் போட்டு. பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன், ஃபோன் செய்தேன், வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் குறித்துக்கொண்டார். கடைசியில் வந்த மெயில் இவ்வளவுதான்: “கோப்பு நடைமுறையில் உள்ளது. நன்றி.” நான் கேட்ட கேள்வியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

செப்டம்பர் 30 போய்விட்டது. எஸ்டாப்பல் வந்தபோது பார்த்தால் பாயிண்ட் எல்லாம் அப்படியே மாற்றாமல் கிடக்கிறது, ஜனவரி 31-க்குள் தங்கி முடிக்காவிட்டால் போச்சு. என் பெயரில் கணக்கு வந்த நேரத்தில் டிசம்பர் அறைகள் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டன, ஏனென்றால் போர்டுவாக் உரிமையாளர்கள் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், மற்றவர்கள் 7 மாதம் முன்பு. இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த ஆண்டின் பாயிண்ட் எனக்கு வருகிறது என்பதால் அந்த ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தையும் நான்தான் விற்பவருக்குத் திருப்பிக் கொடுத்திருந்தேன். பயன்படுத்த முடியாத ஒன்றுக்கு முழுப் பணம்!

புரோக்கருக்குக் கமிஷன் தருவது விற்பவர், அதனால் அவர் விற்பவர் பக்கம் சாய்வார் என்பது புரிகிறது. ஆனால் இங்கே யார் பக்கமும் சாய வேண்டியதே இல்லை, விற்பவருக்கு ஒரு ஃபோன், அவ்வளவுதான் வேலை. விற்பவர் மறுத்திருந்தால்கூட அதை என்னிடம் சொல்லியிருக்கலாம், நான் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி பேசியிருப்பேன். பேசாமல் இருந்ததால்தான் இரண்டு வழியும் அடைந்துபோயிற்று. அலுவலக மேலாளருக்கு எல்லா மெயிலையும் தேதி வாரியாகச் சேர்த்து அனுப்பினேன். “உங்கள் கருத்துக்கு மதிப்பளிக்கிறோம்” என்று வந்தது.

இந்த மாதிரி வாங்கப் போகிறவர்கள், முன்பணம் கட்டும் முன்பே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த ஆண்டுப் பாயிண்ட்களை விற்பவர் இந்தத் தேதிக்குள் மாற்றிவைக்க வேண்டும், தவறினால் பராமரிப்புக் கட்டணத்தை வாங்குபவர் தர வேண்டியதில்லை. க்ளோசிங் கம்பெனியில் கோப்பைப் பார்க்கிறவரின் நேரடி எண்ணையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். எனக்குக் கடைசியில் ஒழுங்காகப் பதில் சொன்னது அங்கே இருந்தவர்தான். புரோக்கர் அந்த வரியைச் சேர்க்கத் தயங்கினால் வேறு புரோக்கரைப் பாருங்கள், போர்டுவாக் ஒப்பந்தம் வேறு ஒருவரிடமும் விற்பனைக்கு வரும்.