ரோஜாவின் இனத்தைச் செடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்

தருமபுரியில் வாசலில் ரோஜா வைத்திருப்பவர்களிடம் அது என்ன ரகம் என்று கேட்டால் பெரும்பாலும் நிறம்தான் பதிலாக வரும். ஓசூர்ப் பக்கத்து நாற்றுப்பண்ணைகளிலிருந்து வரும் செடிகளில் பெயர்ச்சீட்டு இருப்பது அரிது என்பதால் வாங்குபவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எவ்வளவு கவாத்து செய்வது, அதாவது கிளைகளை எவ்வளவு வெட்டிவிடுவது, குச்சி நட்டால் வேர் பிடிக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது செடியின் இனம். பூ இல்லாத நாளிலும் அந்த இனத்தை இலையும் தண்டும் முள்ளும் காட்டிக்கொண்டே இருக்கின்றன.

நம் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்று உதிரியாகவும் மாலைக்கும் விற்கப்படும் மணமுள்ள இளஞ்சிவப்புப் பூவைப் பெரும்பாலும் எட்வர்டு ரோஜா என்றே கொள்ளலாம். இந்தியப் பெருங்கடலில், அன்று பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகுக்குத் தெரியவந்த பூர்போன் இனத்தைச் சேர்ந்தது இது. டமாஸ்க்கின் மணமும், பருவம் பாராமல் பூக்கும் சீன ரோஜாவின் குணமும் ஒரே செடியில் சேர்ந்திருப்பதால், நம் வெயிலுக்கு இதைவிட ஏற்ற ரோஜா இல்லை என்பது என் உறுதியான கருத்து. நீண்ட காம்பில் ஒற்றைப் பூவும், கூரான மொட்டும், தடித்த பளபளப்பான இலையும் இருந்தால் அது பெரும்பாலும் ஹைபிரிட் டீ என்ற கலப்பின வகுப்பு. 1867இல் பிரான்சில் வெளிவந்த 'லா பிரான்ஸ்' என்ற ரகத்திலிருந்து அந்த வகுப்பின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். கொத்தாகப் பூப்பது புளோரிபண்டா.

எங்கள் தெருவில் ஓர் அத்தை, "சிவப்பாத்தான் வாங்கினேன்ப்பா, மண்ணு ஒத்துக்காம கலர் மாறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தபோது ஒட்டுப்போட்ட இடத்தின் முடிச்சு தெரிந்தது. முடிச்சுக்கு மேலே இருந்த தண்டு பழுப்பாகிக் காய்ந்திருந்தது, கீழே வேர்ப்பகுதியிலிருந்து கிளம்பிய வெளிர்பச்சைக் கிளைகள்தான் ஆளுயரத்துக்கு வளர்ந்து சிறு சிறு வெள்ளைப் பூக்களைக் கொத்தாகத் தாங்கி நின்றன. நிறம் மாறவில்லை, ஒட்டிய சிவப்பு ரோஜா இறந்துபோய், அதைச் சுமந்த வேர்ச்செடி தன் பூவைப் பூத்துவிட்டது. இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் செதிலின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருந்ததால், அந்த வேர்ச்செடி மல்டிபுளோரா என்ற காட்டு ரோஜாவின் வழியில் வந்தது என்றும் சொல்ல முடிந்தது. இந்தியாவில் எட்வர்டு ரோஜாவும் வேர்ச்செடியாகப் பயன்படுவதுண்டு. வாங்கிய செடி தானே பன்னீர் ரோஜாவாகிவிட்டது என்று சிலர் மகிழ்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடியிலிருந்து வரும் காட்டுக்கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி வெட்ட வேண்டாம். நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. கிளை, ஒட்டு முடிச்சுக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதே சரியான சோதனை. கீழிருந்து வருவதைக் கத்தரித்தால் அங்கேயே மீண்டும் துளிர்க்கும் என்பதால், இளசாக இருக்கும்போதே வேரோடு சேரும் இடத்தில் பிடித்துப் பிய்த்தெடுக்க வேண்டும்.

சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிர்ச்சியில், பசுமைக்குடிலில் செழிக்கும் 'தாஜ்மகால்' போன்ற கொய்மலர் (காம்போடு வெட்டி விற்கும் பூ) ரகத்தைத் தருமபுரி மொட்டை மாடியில் வைத்துவிட்டு அதே பூவை எதிர்பார்ப்பது நியாயமன்று. நம் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் உப்பும் கடினமும் மிக்கது. அத்தகைய நீரைத் தொடர்ந்து ஊற்றிவந்தால் மண் காரத்தன்மை அடைந்து, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகும். அப்போது கொழுந்திலை வெளிறி மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். இதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியா போடுவதில் பயனில்லை. தழைச்சத்துக் குறையில் முதலில் மஞ்சளாவது அடியிலை. மக்கிய தொழு உரத்தை நிறையச் சேர்ப்பதும், பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுவதும், மிஞ்சினால் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்தான இரும்புக் கீலேட் தெளிப்பதும்தான் வழி.

கவாத்தை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் செய்வது தமிழ்நாட்டு வழக்கம். ஐப்பசி அடைமழையில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் தங்கி கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும் நுனிக்கருகல் நோய் இறங்கும் என்பதால், மழை ஓய்ந்த நவம்பர் கடைசியை நான் விரும்புகிறேன். வெட்டியதிலிருந்து பூவுக்கு ஒன்றரை மாதம் போலப் பிடிப்பதால் பொங்கலையொட்டிப் பூக்கும். ஹைபிரிட் டீயைப் பாதிக்கும் கீழே, வெளிநோக்கிய கண்ணுக்கு (துளிர் வரும் மொட்டுக்கு) சற்று மேலே சாய்வாக வெட்டலாம். எட்வர்டை அப்படி ஒட்ட வெட்டாமல், காய்ந்ததையும் குறுக்கே ஓடுவதையும் நீக்கி, சென்ற பருவக் கிளையில் பாதியை விட்டுவைக்க வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுவதை விட்டுவிடக் கூடாது. கவாத்தில் விழும் எட்வர்டு குச்சிகளை எறியாமல், பென்சில் பருமனுள்ளவற்றை நிழலில் ஈரமணலில் நட்டுவைத்தால் எளிதாக வேர்விடும். ஹைபிரிட் டீ குச்சி வேர்விட்டாலும் செடி நோஞ்சானாகவே நிற்பதால், அதன் மொட்டை வேர்ச்செடியில் பதிக்கும் மொட்டு ஒட்டுதான் அதற்கு ஏற்றது.