கரீஸ் ஃபவுண்டனின் தகர எண்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விண்டர்டன் வாக் சாலையில், நான் படித்த சாஸ்திரி கல்லூரியும் கரீஸ் ஃபவுண்டன் மைதானமும் அண்டை வீட்டுக்காரர்களைப் போல நிற்கின்றன. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது உயர்நிலைப் பள்ளிதான். வலங்கைமானில் பிறந்து, இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இந்நாட்டுக்கு வந்த சீனிவாச சாஸ்திரியாரின் முயற்சியால் எழுந்து, 1929-இல் திறக்கப்பட்டது. பள்ளியில் நான் கற்றவற்றில் பாதி மறந்துவிட்டது. மைதானத்தின் ஸ்கோர் போர்டில் சனிக்கிழமைதோறும் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நான் மாட்டிய தகர எண்கள் மட்டும் மறக்கவில்லை.

கறுப்பு வண்ணம் பூசிய மரப்பலகை. அதில் வரிசையாக ஆணிகள். கறுப்புத் தகட்டில் வெள்ளையில் எழுதிய எண்களை மேல்துளையில் கோத்து மாட்ட வேண்டும். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடு என்பதால், அதற்கு மட்டும் கீழேயும் ஒரு துளை இருந்தது. ஜனவரி வெயிலில் தகரம் விரலைச் சுட்டுவிடும். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் எடுப்போம். ஸ்கோர் எழுதும் மாமா ஒருவர் ஏணியின் அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நடுவர் சைகை காட்டியதும், கண்டுகொண்டேன் என்பதற்கு அடையாளமாகக் கையை உயர்த்திவிட்டு, பென்சிலால் குறித்த பிறகே எங்களுக்குக் குரல் கொடுப்பார். "தம்பி, அவசரப்படாதே, ஏட்டில் ஏறாத ஓட்டம் பலகையில் ஏறக்கூடாது" என்பது அவருடைய கண்டிப்பு. ஆட்டம் மந்தமாகும்போது, மாலைத் தமிழ்ப் பாடசாலையில் படித்த ௧, ௨, ௩ ஆகியவற்றைத் தகடுகளின் முதுகில் சாக்குக்கட்டியால் எழுதிப் பார்ப்போம். காற்றில் தகடு திரும்பிக்கொண்டால் அரங்கில் சிரிப்பு எழும்.

அந்த எண்களுக்கு அப்போது இருந்த மதிப்பை இன்றைய பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது கடினம். நிறவெறி அரசு நாட்டின் பெயரில் ஆட அனுமதித்தது வெள்ளையர் அணியை மட்டுமே. நிறம் பாராமல் ஆட வேண்டும் என்று உறுதியாக நின்ற சங்கங்கள் 1973-இல் இதே டர்பனில் கூடி, சாகோஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றத்தை உருவாக்கின. சீர்கெட்ட சமுதாயத்தில் சீரான விளையாட்டு இருக்க முடியாது என்பது அவற்றின் முழக்கம். அந்த நிலைப்பாட்டுக்கு எங்கள் ஆட்டக்காரர்கள் தங்கள் இளமையையே விலையாகக் கொடுத்தார்கள். ஆணிகளில் மூன்று தகடுகள் மாட்டப்பட்டு ஒருவர் சதம் அடித்துவிட்டார் என்று தெரிந்ததும் படிக்கட்டுகளிலிருந்து எழும் ஆரவாரம்தான் அவருக்குக் கிடைத்த மொத்தப் பரிசு. மாலையில் நானே அந்தத் தகடுகளைக் கழற்றிப் பெட்டியில் போடும்போது, அந்தச் சதத்தையும் சேர்த்துப் புதைப்பது போலிருக்கும்.

1974 செப்டம்பர் 25 அன்று, மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் வெற்றியைக் கொண்டாடக் கூடிய ஆதரவுக் கூட்டத்தைக் காவல்துறை நாய்களோடு வந்து கலைத்ததும் இந்த மைதானத்தில்தான். அடுத்த மாதம் ஆட்டப் பருவம் தொடங்கியபோது, அதே படிகளில் மக்கள் உட்கார்ந்து ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1992 நவம்பரில் இந்திய அணி கிங்ஸ்மீட் மைதானத்தில் டெஸ்ட் ஆடியது. தன் முதல் டெஸ்டிலேயே பிரவீண் ஆம்ரே 103 ஓட்டங்கள் குவித்ததும், தொலைக்காட்சி நடுவரின் தீர்ப்பால் ஆட்டமிழந்த முதல் ஆட்டக்காரராக டெண்டுல்கர் வெளியேறியதும் அந்த ஆட்டத்தில்தான். எனக்கோ, நண்பர்கள் அதைப் பற்றிப் பேசப் பேச, கரீஸ் ஃபவுண்டனில் ஏணியடியில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த மாமாதான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தார்.

அவருடைய கண்டிப்பு வீண்போகவில்லை. 1971-72 முதல் 1990-91 வரை நிறம் பாராத சங்கங்களின் மாகாண அணிகள் மோதிய மூன்று நாள் ஆட்டங்களுக்குப் பின்னாளில் முதல்தர அந்தஸ்து வழங்கப்பட்டது. பலகையும் தகடுகளும் என்றோ போய்விட்ட நிலையில், அவரைப் போன்றவர்கள் பென்சிலால் குறித்துவைத்த ஏடுகள் இல்லாமல் எந்த ஆய்வாளராலும் அந்த ஆட்டங்களை மீட்டிருக்க முடியாது. இப்போது இணையத்தில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தட்டினால், உலக நாயகர்களின் பெயர்களுக்கு நேரே இருப்பது போன்ற அதே பத்திகளில் அவருடைய ஓட்டங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. முதன்முறை அதைப் பார்த்த இரவு, நான் என் மனைவியை எழுப்பி, அவற்றில் எவை நான் மாட்டிய எண்கள் என்று விரல் வைத்துக் காட்டினேன்.