ஷப்ரேகஷ் (லிஸ்பன், போர்ச்சுகல்) நாட்குறிப்பு

மார்ச் 5
அப்பா ஒரு இட்லி சாப்பிட்டாராம். அதற்கு மேல் அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அறையில் இருப்புக்கொள்ளாமல் பக்கத்து மடத்துக்குள் நுழைந்தேன். மாத்ரெ தெ தேவுஷ். 1509இல், கணவரை இழந்த ராணி லியோனோர் கிளாரா சபைக் கன்னியருக்காகக் கட்டியது. இப்போது டைல்ஸ் அருங்காட்சியகம். ராணியின் கல்லறை தரையோடு தரையாக இருக்கிறது. கவனிக்காமல் மிதித்திருப்பேன்.

மார்ச் 6
குடியிருப்பு அனுமதி கார்டு வரவில்லை.

மார்ச் 9
இன்று கோவில் மட்டும். சுவரின் கீழ்ப்பாதி ஹாலந்திலிருந்து வந்த நீல டைல்ஸ். மேலே எங்கு பார்த்தாலும் தங்க முலாம் பூசிய மரச்சிற்பம், நடுவில் ஓவியங்கள். ஏழ்மை விரதம் எடுத்தவர்கள் ஜெபித்த இடமா இது? ஒரு முழம் சுவரையாவது சும்மா விட்டிருக்கலாம். நீலத்தைப் பார்த்தால்தான் கண் ஆறுகிறது.

மார்ச் 10
தூக்கம் இல்லை. 1834இல் ஆண் துறவிகளின் மடங்களை உடனே மூடியிருக்கிறார்கள். கன்னியர் மடங்களை அப்படி மூடவில்லை. புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, கடைசிக் கன்னியாஸ்திரி இறந்ததும் கட்டடம் அரசுக்கு. அவ்வளவுதான். யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு தட்டாகக் குறைந்திருக்கும். இரண்டு பேர் மிஞ்சியபோது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

மார்ச் 11
கார்டு தரும் அலுவலகத்தில் நாலு மணி நேரம் வரிசை. "காத்திருங்கள்" என்றாள், கனிவாகத்தான். கார்டு இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. சரி.

மார்ச் 14
கன்னியர் போன பிறகு நெப்போமுசேனு என்ற கட்டடக்கலைஞர் மடத்தைப் புதுப்பித்திருக்கிறார். மடத்து நிலத்தின் பக்கமாக அதற்குள் ரயில் பாதை வந்திருந்தது. மனுஷன் ஒரு தூணின் தலையில் ரயில் எஞ்சினைச் செதுக்க வைத்துவிட்டார்! வாய்விட்டுச் சிரித்தேன். படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அப்பா பார்த்துவிட்டு "கரி எஞ்சின்" என்றாராம். பொன்மலை ரயில் பட்டறைக்காரருக்குத் தெரியாதா.

மார்ச் 17
டைல்ஸிலேயே லிஸ்பன் நகரம், சுமார் 23 மீட்டர் நீளம். 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய ஊர். ஆற்றங்கரை அரண்மனை அப்படியே இருக்கிறது. நவம்பர் 1 காலையில் அது போய்விட்டது. நடந்து நடந்து கோடியில் ஷப்ரேகஷைத் தேடினேன். கால் வலி.

மார்ச் 18
கடைசியில் இருந்தவள் சாவியை யாரிடம் கொடுத்தாள்? 'சாவி' இந்தப் போர்ச்சுகீசியர் நமக்குக் கொடுத்த சொல்தான்.

மார்ச் 20
குறுஞ்செய்தி வந்தது. கார்டு தபாலில் வருகிறதாம். தட்டும்போது ஆள் இல்லையென்றால் திருப்பி எடுத்துப் போய்விடுவார்களாம். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். அக்கா காலையிலிருந்து கூப்பிடவில்லை. படியில் யாரோ