மழை மேல் போட்ட பழி

தக்கலையில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு, சுவரெல்லாம் நல்ல கனம். முன்னறையில் ரூட்டர், பின்னறையில் நான். போன வாரம் மழை பிடித்ததிலிருந்து லேப்டாப்பில் வைஃபை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அறுந்து போனது. அம்மா மழையைத்தான் குற்றம் சொன்னாள். அதே கட்டிலில் கிடந்த செல்போனில் அதே வைஃபைக்கு ஒரு குறையும் இல்லை, அப்படியென்றால் கோளாறு லேப்டாப்பில்தான் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, ரூட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டதுதான் மிச்சம். நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டதற்குப் லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கிற வைஃபை கார்டைப் புதுசாகப் போடணும் என்றார்கள்.

சரி, நாமே பார்ப்போம் என்று, லேப்டாப்பின் பாகங்களையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டுகிற டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்து, வைஃபை கார்டின் பெயரை இரண்டு தடவை தட்டி, பவர் மேனேஜ்மெண்ட் பக்கம் போனால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் இந்தக் கார்டை அணைத்துக்கொள்ளலாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தது. எடுத்துவிட்டேன். வைஃபை அறுந்து போவது நின்றது. (சில லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது.)

அப்புறம் ரூட்டர் தருகிற இரண்டு வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-க்கு மாறினேன். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் இந்தச் சுவரைத் தாண்டி வருகிறது.

மழை விட்டதால்தான் சரியாயிற்று என்கிறாள் அம்மா.