விடுபட்ட ‘ஆனா’

“எடுத்தேன்ணே. ஆனா தவுக்கேதான் எடுத்துக்கச் சொன்னாரு.”

மலேசிய மாஜிஸ்திரேட் நீதிமன்றக் கூண்டில் நின்ற பையன் சொன்னது இவ்வளவுதான். தவுக்கே என்றால் முதலாளி. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான நான் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, “ஃபாஹாம், மெங்காக்கு சாலா” என்றேன். புரிகிறதாம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறானாம். முதல் பாதி மட்டும் மலாய்க்குப் போனது.

கோலாலம்பூரின் செந்தூல் பக்கத்துப் பையன். ஒரு சாக்கு பழைய செம்புக் கம்பி. தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவு, திருட்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. குற்றச்சாட்டில் ‘மென்சூரி’, அதாவது திருடுதல், என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆனால் அந்தத் திருட்டுக்குள் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: பொருளை வைத்திருந்தவரின் சம்மதம் இல்லாமை, நேர்மையற்ற நோக்கம். ‘எடுத்தியா?’ என்று கேட்டால் எடுத்தவன் ‘எடுத்தேன்’ என்றுதான் சொல்வான். தவுக்கே சொன்னாரா இல்லையா என்று பார்க்கத்தான் விசாரணை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஆம் பிரிவு இதைத்தான் கேட்கிறது: பின்விளைவு தெரிந்து, எந்த நிபந்தனையும் வைக்காமல் ஒப்புக்கொள்கிறாரா என்று உறுதி செய்துவிட்டுத்தான் பதிய வேண்டும். ‘ஆனா’ வந்தால் ஒப்புதல் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

அடுத்து வழக்கு விவரத்தை வாசிப்பார்கள், அங்கேயும் மறுக்க இடம் உண்டு. வாசித்துச் சொன்னேன், தலையாட்டினான். இந்த மாதிரிக் குற்றத்துக்கு ரிமாண்ட் முதலில் 4 நாள், மறுபடி கேட்டால் 3 நாள். லோக்கப்பில் அத்தனை நாள் படுத்துவிட்டு லோக்கப் ஊதாச் சட்டையோடு வருகிறவன் எதற்கும் தலையாட்டுவான். எனக்கு அது தெரியும்.

அன்று பட்டியல் நீளம். ஜுருபஹாசா, அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், என்றால் மொழிபெயர்ப்பு மட்டுமா? வழக்கைக் கூப்பிட வேண்டும், சாட்சிப் பொருளுக்கு அடையாளம் போட வேண்டும், காணாமல் போன ஃபைலைத் தேட வேண்டும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு யோசனை சொல்லக்கூடாது என்பதும் பாலபாடம். சரி, காதில் விழுந்ததை அப்படியே சொல்வது யோசனையா?

கூண்டில் ஏறுமுன் கேஸ் அதிகாரி பையனின் கழுத்தைக் காட்டி “கெங் அபா?” என்று சிரித்தார். எந்தக் கும்பல்? கழுத்தில் பச்சை குத்தியிருந்தது ஒரு வேல். 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயரை வெளியிட்டதிலிருந்து நம் பையன்கள் உடம்பில் எது இருந்தாலும் கும்பல் அடையாளமாகத்தான் படிக்கப்படுகிறது. அந்த அதிகாரியை இனவாதி என்று எழுதி முடித்துக்கொள்ளலாம், எனக்கும் நிம்மதி. ஆனால் நானும் சேர்ந்து சிரித்தேன். ‘இந்தப் பசங்களாலதான் நமக்குக் கெட்ட பேரு’ என்று கோயில் திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்து பேசுகிறவர்கள் யார்? நாம்தானே.

பையனுக்கு 3 மாதச் சிறை கொடுத்தார்கள். ஒப்புக்கொண்டவனுக்கு மேல்முறையீடு தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ பற்றி மட்டும்தான். குற்றமே இல்லை என்று சொல்ல அந்த வழி அடைத்துவிடும். உயர் நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யலாம், ஆனால் அதன் முன்னால் போவது மாஜிஸ்திரேட்டின் குறிப்பு. அதில் ஏறியிருப்பது என் மலாய். தமிழில் அவன் என்ன சொன்னான் என்பதற்கு அந்த அறையில் சாட்சி நான் ஒருவன்தான். இலவச சட்ட உதவி வழக்கறிஞர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ஜாடை போதும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அரசியலமைப்பின் 5(3) தரும் உரிமை அந்தப் பத்தடியைத் தாண்டவில்லை.

ஒருவேளை நான் சரியாகக் கேட்கவில்லையோ என்றும் நினைத்துப் பார்த்ததுண்டு. களைப்பு, மின்விசிறிச் சத்தம், அவன் குரலும் தணிந்த குரல். அந்தச் சமாதானம் ரொம்ப நேரம் நிற்பதில்லை. அதே காலையில், அதே கூண்டில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் ஒருவர் நின்றார். ஏதோ கம்பெனிக் கணக்கர். “எடுத்தேன் சார், ஆனா மேனேஜருக்குத் தெரியும்” என்றார், அவரும் மெதுவாகத்தான். அந்த ‘ஆனா’வை நான் மலாயில் ‘தெத்தாப்பி’ என்று நிறுத்திச் சொன்னேன். வழக்கு விசாரணைக்குப் போனது.