சுற்றுவதற்காகத் தைத்த பாவாடை

அக்கா பொண்ணுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் அன்னப்பறவை வேஷம். டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் ஒரு பாலே நடனக்காரி, இடுப்பைச் சுற்றித் தாம்பாளம் மாதிரி விரிந்து நிற்கும் வெள்ளைப் பாவாடையோடு ஒற்றைக் காலில் நிற்கிறாள். "சித்தி, எனக்கு இதேதான் வேணும், தொங்கக் கூடாது, நிக்கணும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். சத்துவாச்சாரியில் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பதினாறு வருஷமாகத் தைக்கிறேன். பட்டுப் பாவாடை, அம்பர்லா ஃப்ராக், கல்யாண லெஹங்கா எல்லாம் என் கையில் வந்து போயிருக்கின்றன, ஆனால் நிற்கிற பாவாடை இதுதான் முதல் தடவை.

லாங்கு பஜாரில் வழக்கமாக வாங்கும் கடையில் ஹார்டு நெட் கேட்டேன். "இன்னாக்கா, கேன்கேனா? லெஹங்காவுக்கா?" என்றார் தம்பி. ஃப்ராக்குக்கும் லெஹங்காவுக்கும் உள்ளே கொடுக்கிற விறைப்பான வலைத் துணியைத் தொழிலில் கேன்கேன் என்றுதான் சொல்கிறோம். அது 1830-களில் பாரிஸில் கிளம்பிய ஓர் ஆட்டத்தின் பெயர், பாவாடை அடுக்குகளைத் தூக்கித் தூக்கிக் காலை வீசி ஆடுவது. டூட்டூ என்கிற இந்தப் பாலே பாவாடைக்கும் அதே ஊர், அதே பத்தாண்டுகள்தான். அன்று ராத்திரி அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவள், துணியை வெட்ட நாலு நாள் ஆகிவிட்டது.

1832 மார்ச் மாதம் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே அரங்கேறியது. அதில் மரி டாலியோனி காற்றில் மிதக்கும் தேவதையாக, கால் விரல் நுனியில் நின்று ஆடினார். தரை வரை தொங்கும் பாவாடையில் அந்த நுனிக்கால் எப்படித் தெரியும்? அதனால் மெல்லிய வெள்ளைத் துணியை அடுக்கடுக்காக வைத்து, மணி கவிழ்த்த மாதிரி, கெண்டைக்காலோடு நிற்கும் பாவாடை. அடியில் விறைப்பு, மேலே மேகம். அப்போதைக்கு அவ்வளவுதான், இன்றைய தாம்பாளம் எல்லாம் பிறகு வந்தது. இந்த மாதிரி வலைத்துணி அதற்கு முன் கையால் பின்னப்பட்டதால் பணக்காரர்களுக்கே எட்டியது. 1808-09 வாக்கில் இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் அதை இயந்திரத்தில் பின்னக் கண்டுபிடித்த பிறகுதான் மீட்டர் மீட்டராகச் செலவழிக்கும் துணியாக ஆனது.

எம்மா லிவ்ரியைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கை ஓடவில்லை. டாலியோனியிடமே பாடம் கற்ற பெண். அந்தக் காலத்து மேடையில் கேஸ் விளக்குதான் வெளிச்சம், திறந்த சுடர். பாவாடைகள் பற்றி எரிவது அடிக்கடி நடந்ததால், தீப்பிடிக்காத மாதிரி மருந்தில் தோய்த்த துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று 1859-இலேயே அரசு உத்தரவு வந்திருந்தது. ஆனால் மருந்து போட்ட துணி விறைத்துப்போகும், வெள்ளை மங்கிவிடும். எம்மா அதை மறுத்து, தன் பொறுப்பிலேயே சாதாரணப் பாவாடையில் ஆடுவதாக எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பரில் ஒரு ஒத்திகையின்போது பாவாடை சுடரில் பட்டது. எட்டு மாதம் வலியில் கிடந்து 1863 ஜூலையில் இறந்தபோது வயது இருபது. கருகிய அந்த உடையின் மிச்சம் இன்றும் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தீபாவளிக்கு நெட் ஃப்ராக் கேட்டு நானும் அக்காவும் எத்தனை தடவை அழுதிருக்கிறோம்! "காலைல காட்டன் போட்டுக்கோ, நெட்டை சாயங்காலம் கோயிலுக்குப் போட்டுக்கலாம், கம்பி மத்தாப்பு கிட்ட அது வேண்டாம்" என்று அம்மா விடவே மாட்டாள். அப்போது கோபம்தான் வந்தது. இப்போது என்னிடம் தீபாவளிக்கு நெட் ஃப்ராக் தைக்க வரும் அம்மாக்களிடம் அதே வார்த்தையை நானும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பாவாடை ஏன் குட்டையாகிக்கொண்டே போனது என்பதற்கு நான் நினைத்திருந்த காரணம் வேறு, படித்தது வேறு. 1880-களில் இத்தாலியிலிருந்து ரஷ்யா போன விர்ஜினியா ஜூக்கி, நீளப் பாவாடையில் ஆட மாட்டேன் என்று முழங்காலுக்கு மேலே வெட்டினார். அந்த இத்தாலிய ஆட்டக்காரிகளின் கால் வேலை அவ்வளவு கடினம், அதைத் துணி மூடக் கூடாது. 1890-களில் பியரினா லெக்னானி ஒரே காலில் நின்று தொடர்ந்து முப்பத்திரண்டு சுற்று சுற்றிக் காட்டினார். அப்படி ஒரு உழைப்பு வந்த பிறகு பாவாடை இடுப்போடு ஏறித் தட்டாக விரிந்தது, அடியில் கால் முழுசாகத் தெரிந்தது. பஞ்சு மிட்டாய் மாதிரி அலங்காரம் என்று பார்க்கிறோமே, அதன் வடிவம் முழுக்க முழுக்க அந்த வேலையிலிருந்து வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஆற்காட்டுப் பக்கம் பாட்டி ஊரில் பார்த்த பாரதக் கூத்து ஞாபகம் வந்தது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், விடிய விடிய. துரியோதனன் வேஷம் கட்டுபவர் பாவாடைமேல் பாவாடை அடுக்கிக் கட்டி, புஜக்கட்டையும் கிரீடமும் வைத்துத் திரைக்குப் பின்னால் நிற்பார், திரை விலகியதும் ஒரு சுற்று! பாவாடை குடையாக எழும்பும், கீழே சலங்கைக் கால் தெரியும், முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்வோம். ஆறடி ஆம்பிளை, அவர் கட்டியிருப்பது பாவாடை என்று ஒருவருக்கும் தோன்றாது, ராஜா என்றுதான் தோன்றும். பரதநாட்டியத்தில் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். அரைமண்டியில் உட்கார்ந்ததும் முன்னால் விசிறி விரிகிறதே, அதுவும் காலின் வடிவத்தைக் காட்டத்தான். ருக்மிணி தேவி பாலே கற்றதும், பிறகு நம் ஊர் ஆட்டத்தின் பக்கம் திரும்பியதும் ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால்தான். பிறகு 1936-இல் கலாக்ஷேத்ரா என்ற நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். தைத்த நாட்டிய உடையைப் பரப்பியதிலும் ருக்மிணி தேவிக்குப் பெரிய பங்கு உண்டு.

மேடையை விட்டுத் தெருவுக்கு வந்த கதை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். 1947-இல் போர்ப் பஞ்சம் முடிந்த கையோடு பாரிஸில் கிறிஸ்தியன் டியோர் ஒடுங்கிய இடுப்பு, மீட்டர் கணக்கில் விரியும் பாவாடை என்று காட்டினார், அதில் பாலேவின் சாயல் அப்பட்டம். 1998-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சிக்காக உடையலங்காரம் செய்த பட்ரீஷியா ஃபீல்ட், ஐந்து டாலருக்கு ஒரு குட்டி டூட்டூவைத் தள்ளுபடிக் கூடையில் எடுத்துக் கதாநாயகிக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு சாதாரண பனியனுக்கு மேல் நெட் பாவாடை போட்டுக்கொண்டு ரோட்டில் நடப்பது பெரிய விஷயமில்லை என்று ஆனது. இன்று நம்ம ஊர் முதல் பிறந்தநாள் ஃபோட்டோவில் பாதிக் குழந்தைகள் டூட்டூதான். அதில் பாதி விறைப்பே இல்லாத சாஃப்ட் நெட், உட்கார்ந்தால் அப்படியே சரிந்துவிடும், எனக்கு மனசு ஆறாது.

சரி, தைத்த விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு ஜட்டி, அதில்தான் எல்லாம் ஏறுகிறது. தொடையை ஒட்டி நாலு விரல் அகலத்தில் சுருக்கு வைத்த நெட் வரிசை, அதற்கு மேலே கொஞ்சம் அகலம், இப்படி மேலே போகப் போக அகலம் கூடும். கீழே இருக்கும் குட்டி அடுக்குகள்தான் மேல் அடுக்கைத் தாங்குகின்றன. எட்டு வயசுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு அடுக்கு வைத்தேன். நடுவில் ஓர் அடுக்கில் மெல்லிய கம்பி வளையம். கடைசியாக அடுக்குகளை ஒன்றோடொன்று தளர்வாக நூலில் பிடிக்க வேண்டும். இறுக்கினால் கூடை மாதிரி கவிழும், விட்டால் பரட்டையாகும். எனக்கு முதல் தடவை கவிழ்ந்தது, பிரித்துத் திரும்பப் பிடித்தேன். ஹார்டு நெட் கையைக் கீறும், முழங்கை வரை அரிப்பு, இந்த வேலூர் வெக்கையில் ஃபேன் போட்டால் துண்டெல்லாம் பறக்கும், அதனால் இரண்டு ராத்திரி ஃபேன் இல்லாமலே தைத்தேன்.

போட்டுப் பார்க்க நேற்று வந்தாள். கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஹூக் மாட்டி முடித்ததும் கூடத்தின் நடுவில் போய் நின்று ஒரு சுற்று சுற்றினாள். நின்றது. பாவாடை மட்டும் அவளுக்குப் பின்னால் ஒரு நொடி கூடுதலாகச் சுற்றி அடங்கியது. "சித்தி, இதோட உட்கார முடியுமா?" என்றாள். முக்காலிதான், அதுவும் நுனியில், என்றேன்.

விழா வெள்ளிக்கிழமை. இந்த மாதிரிப் பாவாடையைத் தலைகீழாகத்தான் மாட்டி வைக்க வேண்டுமாம், நேராக மாட்டினால் அடுக்கு தொங்கிவிடும். பீரோவில் இடமில்லை. அம்மா பூஜை அறை ஆணியில் மாட்டி, தூசு படாமல் தன் பழைய வாயில் புடவையைப் போர்த்தி வைத்திருக்கிறாள்.