14 வரியிலிருந்து 18 வரிக்கு: சின்ன மடிக்கணினியில் பேனலை ஓரத்துக்கு மாற்றிய அனுபவம்

என் மடிக்கணினியின் திரை 11.6 அங்குலம், 1366-க்கு 768 பிக்சல். அளவுகோல் வைத்துப் பார்த்தால் உயரம் பதினாலரை சென்டிமீட்டர்கூட வராது. உள்ளே டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ 4.18 என்ற மேசைச் சூழல், நான்கு ஜிபி நினைவகம். இரவு சாப்பாடு முடிந்ததும் இதில் நான் செய்கிற வேலை, விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய தமிழ் நூல்களுக்கு மெய்ப்பு பார்ப்பது. திரையின் ஒரு பாதியில் ஸ்கேன் செய்த பக்கம், மறுபாதியில் ஓசிஆர் நிரல் அந்தப் படத்திலிருந்து படித்துக் கொடுத்த எழுத்து. படத்தில் ஒரு வரி, பெட்டியில் ஒரு வரி என்று கண் மாறி மாறிப் போய்வர வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் பெட்டியில் எத்தனை வரி தெரிகிறது என்று எண்ணினேன். 14. நான் பார்த்துக்கொண்டிருந்த நூலில் ஒரு பக்கத்துக்கு முப்பது வரிக்கு மேல். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு மூன்று முறை படத்தையும் உருட்ட வேண்டும், எழுத்தையும் உருட்ட வேண்டும். உருட்டும்போதெல்லாம் விட்ட இடம் தொலைந்து போகும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் சில சமயம் ஒரு வரியே விட்டுப்போகும். மெய்ப்பில் வரி விடுவதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

இதற்கு முன்னால் வைத்திருந்த மடிக்கணினி 1280-க்கு 800. புதியதில் அகலம் 86 பிக்சல் கூடியது, உயரம் 32 பிக்சல் குறைந்தது. படம் பார்க்க வசதிதான். படிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் வேண்டியது உயரம்.

சரி, உயரமெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம் என முழுத்திரையையும் படமெடுத்து ஜிம்ப் என்ற படத் தொகுப்பு நிரலில் திறந்து அளந்தேன். மெனுவும் கடிகாரமும் சின்னங்களும் இருக்கும் மேல் பேனல் 26 பிக்சல். சாளரத்தின் தலைப்புப் பட்டை 25. பயர்பாக்ஸில் டேப் வரிசையும் முகவரிப் பட்டையும் சேர்த்து 84. அதற்குக் கீழே புக்மார்க் பட்டை 28. கூட்டினால் 163. விக்கிமூலப் பக்கம் தொடங்குவதற்கு முன்பே திரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. எழுத்துப் பெட்டியில் ஒரு வரி பிடிக்கிற உயரம் 24 பிக்சல். தமிழுக்கு இவ்வளவு தேவைப்படுகிறது. மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரக் காலும் வேண்டுமே. அதிலிருந்து பிக்சல் கணக்கை விட்டுவிட்டேன். பேனல் என்றால் ஒரு வரி, தலைப்புப் பட்டை என்றால் ஒரு வரி. இப்படி எண்ணும்போதுதான் எதைத் தொட வேண்டும் என்பது தெளிவாகிறது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பேனலின் மேல் வலது சொடுக்கு, விருப்பங்கள், வரிசை அளவை 26-இலிருந்து 18-க்கு இறக்கினேன். ஆங்கிலத் தலைப்புகள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டன. தமிழ்த் தலைப்புகள் வெட்டுப்பட்டன. ழ-வின் கால் போய் ம மாதிரி நின்றது. பு வெறும் ப ஆகிவிட்டது. மெய்ப்பு பார்க்கிறவனின் திரையில் அது இருக்கக் கூடாது. மிச்சமானதும் எட்டே பிக்சல், ஒரு வரியில் மூன்றில் ஒரு பங்கு. பழையபடி 26-க்கே கொண்டு போனேன்.

அடுத்தது தானாக மறைவது. எக்ஸ்எஃப்சிஇ பேனலில் இதற்கு மூன்று நிலை உண்டு: ஒருபோதும் இல்லை, புத்திசாலித்தனமாக, எப்போதும். நடுவில் உள்ளதை வைத்தால், ஏதாவது சாளரம் பேனலின் மேல் வந்தால் மட்டும் பேனல் ஒதுங்கும். நான் எல்லாவற்றையும் முழுத்திரைக்கு விரித்து வைத்துத்தான் வேலை செய்வேன் என்பதால் எனக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதான். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். சாளரத்தை மூடும் பொத்தான் திரையின் உச்சியிலேயே இருக்கிறது. அதைச் சொடுக்கச் சுட்டியை மேலே கொண்டுபோனால், அதற்குள் பேனல் இறங்கிப் பொத்தானை மறைத்துவிடும்.

இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். தமிழ்99 விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தட்டச்சு செய்கிறேன். இப்போது எது ஓடுகிறது என்பதை, மொழி மாற்ற உதவும் இபஸ் நிரலின் சின்னம் பேனலில்தான் காட்டும். பேனல் மறைந்தால் சின்னமும் மறைந்துவிடும். படத்தைப் பார்த்தபடியே ஒரு வரி முழுக்கத் தட்டிவிட்டு நிமிர்ந்தால், பெட்டியில் அத்தனையும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். ஒரே இரவில் மூன்று தடவை இப்படி ஆயிற்று. எஃப்11 அழுத்தி உலாவியை முழுத்திரை ஆக்கினாலும் இதே கதைதான். ஆகவே பேனல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; ஆனால் உயரத்தைத் தின்னக் கூடாது.

நடுவில் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் திரையை 1.2 மடங்கு விரித்துப் பார்த்தேன். 1639-க்கு 922 பிக்சல் இருப்பதுபோலக் கணினி நினைத்துக்கொள்ளும். அதை உண்மையான 1366-க்குள் அமுக்கிக் காட்டும். இடம் தாராளமாகக் கிடைத்தது. எழுத்து மங்கிவிட்டது. தமிழ் ஓசிஆரில் தீராத தலைவலி ஒன்று உண்டு: ர-வும் துணைக்காலும். அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம். ர-வின் அடியில் இருக்கும் சின்னச் சாய்வை வைத்துத்தான் கண் பிரித்துப் பார்க்கும். மங்கலில் அந்தச் சாய்வு கரைந்துவிட்டது. ண-வும் ன-வும்கூட நின்று பார்த்தால்தான் பிடிபட்டன. ஐந்தே நிமிடத்தில் திருப்பிப் போட்டேன். எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் டிபிஐயை 96-இலிருந்து 88-க்கு இறக்கிப் பார்த்ததும் இப்படித்தான் முடிந்தது. இடத்துக்காக எழுத்தைச் சிறிதாக்குவது எனக்கு ஒத்துவரவில்லை.

மிச்சம் இருந்தது பக்கவாட்டு. திரை அகலமானது, அகலத்தில்தான் கொடுக்க இடம் இருக்கிறது. இது புது யோசனை இல்லை. 2007-இல் ஏசஸ் ஈ பிசி வந்தபோது அதன் திரை ஏழு அங்குலம், 800-க்கு 480. அதன் பின்னால் நெட்புக் என்ற சின்ன மடிக்கணினிகள் வரிசையாக வந்தன. லினக்ஸ் உலகில் உயரத்தைப் பற்றிய கவலை பெரிதாகக் கிளம்பியது அப்போதுதான். உபுண்டு 10.10-இன் நெட்புக் பதிப்பில் 2010-இல் யூனிட்டி என்ற முகப்பு அறிமுகமானபோது, நிரல்களைத் திறக்கும் பட்டை இடது ஓரத்தில் நின்றதற்குக் காரணம் இதுவே. பிறகு பெரிய திரைக்காரர்கள் அதை எவ்வளவோ குறை சொன்னார்கள். பதினோரு அங்குலத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த முடிவின் நியாயம் புரியும்.

எக்ஸ்எஃப்சிஇ பேனல் விருப்பங்களில் ‘பாங்கு’ என்ற இடத்தில் கிடைமட்டம், செங்குத்து, டெஸ்க்பார் என்று மூன்று இருக்கும். முதலில் செங்குத்தைத் தேர்ந்தெடுத்தேன். பேனல் இடப்பக்கம் எழுந்து நின்றது, கூடவே எழுத்தும் 90 பாகை சாய்ந்துகொண்டது. படுத்துக் கிடக்கும் தமிழை வாசிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. டெஸ்க்பாருக்கு மாற்றினேன். பேனல் செங்குத்தாகவே நிற்கும், உள்ளே இருப்பவை மட்டும் நேராக இருக்கும். 4.10 பதிப்பு, அதாவது 2012 முதல், இந்த வசதி இருக்கிறது. இத்தனை வருடம் நான் தொட்டுப் பார்த்ததே இல்லை.

அகலத்தை 36 பிக்சல் வைத்தேன். 30 வைத்துப் பார்த்தால் சின்னங்கள் நெருங்கி, டச்பேடில் குறி தவறியது, 40 வீண். 36-க்குள் எதெல்லாம் அடங்கும் என்பதுதான் அடுத்த வேலை. சாளரப் பொத்தான்களில் பெயரைக் காட்டும் டிக்கை எடுத்துவிட்டுச் சின்னத்தை மட்டும் விட்டேன். ஒரே நிரலின் சாளரங்கள் ஒன்றாகக் குவியும்படி வைத்தேன். நிரல்களைத் திறக்கும் விஸ்கர் மெனுவிலும் சின்னம் மட்டும். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த சதவீத எண்ணை எடுத்தேன். சின்னத்தின் மேல் சுட்டியை வைத்தால் எண் வந்துவிடுகிறது. ஒரு மேசைத்திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும் பணிவெளி மாற்றி நூல்போல மெலிந்து எதற்கும் உதவாமல் நின்றது, நீக்கிவிட்டேன். கன்ட்ரோலோடு எஃப்1, எஃப்2 அழுத்தினால் பணிவெளி மாறுகிறது, அது போதும்.

கடிகாரத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன், ஆசையோடு. முன்பு கிழமை, தேதி, மணி எல்லாம் நீளமாகத் தமிழில் ஓடும். ‘செவ்வாய்’ என்ற ஒரு சொல்லே 36 பிக்சலில் அடங்காது. எக்ஸ்எஃப்சிஇ கடிகாரத்தின் வடிவத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். சதவீதக் குறியோடு பெரிய எச் போட்டால் மணி, சதவீதக் குறியோடு பெரிய எம் போட்டால் நிமிடம், நடுவில் சதவீதக் குறியோடு சின்ன என் போட்டால் அடுத்த வரி. மணி மேலே, நிமிடம் கீழே என்று இரண்டடுக்காக வந்தது. அதன் கீழே இன்னொரு வரியில் கிழமையின் சுருக்கத்தைச் சேர்த்தேன். மணியை மட்டும் தடித்த எழுத்தில் வைத்தேன். அந்தக் குறிகளையும் கடிகாரம் ஏற்றுக்கொள்கிறது. 21, அதன் கீழ் 40, அதன் கீழ் ‘செ’. முழுத் தேதி சுட்டியை வைக்கும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய காலண்டர் தாளைச் சின்னதாக வெட்டி ஓரத்தில் ஒட்டியதுபோல அழகாக இருக்கிறது.

பேனல் முடிந்தது. ஒரு வரி கிடைத்தது, பெட்டியில் இப்போது 15 வரி.

அப்புறம் தலைப்புப் பட்டை. அதன் உயரத்தை எழுத்துருவைக் குறைத்துச் சுருக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன், முடியவில்லை. எக்ஸ்எஃப்சிஇயின் சாளர மேலாளரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-இல் அந்த உயரத்தைத் தீர்மானிப்பது தீமில் இருக்கும் படக் கோப்புகள்தான். எழுத்தைச் சிறிதாக்கினால் பட்டை அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் குறுகும். வேறு வழி இருக்கிறது. சாளர மேலாளர் நுணுக்கங்கள் என்ற பகுதியில், அணுகல் வசதி டேபில், முழுதாக விரித்த சாளரங்களின் தலைப்பை மறைக்கும் பெட்டி உண்டு. டிக் செய்ததும் பட்டை போய்விட்டது. விரிக்காத சாளரங்களுக்கும் சின்ன உரையாடல் பெட்டிகளுக்கும் பட்டை அப்படியே இருக்கும். பயர்பாக்ஸில் தலைப்புப் பட்டை தனியாக ஒன்று டிக் ஆகியிருந்தால் கருவிப்பட்டையைத் தனிப்பயனாக்கும் பக்கத்தின் அடியில் அதையும் எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் மாலை என் மனைவி மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்னங்க, இந்த பிடிஎஃபை எப்படி மூடறது? பெருக்கல் குறியையே காணோம்” என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆல்ட்டும் எஃப்4-உம் எனக்குக் கைப்பழக்கம், அவளுக்கு இல்லை. சாளரப் பொத்தான்களின் அமைப்பில் நடுச் சொடுக்குக்கு என்ன வேலை என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. ‘சாளரத்தை மூடு’ என்று வைத்தேன். டச்பேடில் மூன்று விரலால் தட்டினால் அதுதான் நடுச் சொடுக்கு. “ஓரத்தில் இருக்கிற படத்தின் மேல் சுட்டியை வைத்து மூன்று விரலால் ஒரு தட்டு தட்டு” என்றேன். இரண்டாம் முறையிலேயே கை பழகிவிட்டது. விரித்த சாளரத்தைச் சிறிதாக்க ஆல்ட்டும் எஃப்10-உம். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பயர்பாக்ஸில் மிச்ச வேலை. புக்மார்க் பட்டையைப் புதிய டேபில் மட்டும் தெரியும்படி வைத்தேன், 28 பிக்சல் கிடைத்தது. பட்டைகளின் உயரத்தைக் குறைக்கும் ‘நெருக்கமான அடர்த்தி’ என்ற அமைப்பை 2021-இல் வந்த 89-ஆம் பதிப்போடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. உயர்நிலை அமைப்புகளின் பக்கத்துக்கு (about:config) போய் ‘காம்பேக்ட்மோட்’ (compactmode) என்று தேடி, அதைக் காட்டச் சொல்லும் வரியை ‘ட்ரூ’ ஆக்கினால் பட்டியலில் திரும்ப வந்துவிடும். ‘ஆதரவு இல்லை’ என்ற குறிப்போடு வருகிறது. எனக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. அதில் ஒரு 15 பிக்சல்.

கோப்புகளைப் பார்க்கும் துனாரிலும் குறிப்பெழுதும் மவுஸ்பேடிலும் கன்ட்ரோல் எம் அழுத்தினால் மெனுப் பட்டை மறைகிறது. லிப்ரெஆஃபிஸில் ஒற்றைக் கருவிப்பட்டை முகப்புக்கு மாறி, அளவுகோலையும் அணைத்தேன். அங்கே நான் அதிகம் புழங்குவதில்லை என்பதால் அதற்கு மேல் நோண்டவில்லை.

26, 25, 28, 15. மொத்தம் 94 பிக்சல். பெட்டியில் இப்போது 18 வரி. கொடுத்தது அகலத்தில் 36 பிக்சல். அதைப் படமும் எழுத்தும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டதால் வரிக்கு ஓர் எழுத்துதான் குறைந்திருக்கும். முப்பத்திரண்டு வரிப் பக்கத்தை இப்போது ஒரே ஒரு தடவை உருட்டி முடிக்கிறேன். மேல் பாதி, கீழ் பாதி. பக்கத்தின் நடுவரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இடம் தொலைவதில்லை. இபஸ் சின்னம் கடிகாரத்துக்கு மேலேயே நிற்கிறது. பெட்டியிலிருந்து கண்ணை லேசாகத் திருப்பினாலே தெரிகிறது.

இதையே செய்து பார்க்க நினைப்பவர்கள், தொடங்கும் முன் எக்ஸ்எஃப்சிஇ பேனல் ப்ரொஃபைல்ஸ் என்ற சின்ன நிரலை நிறுவி, இப்போதுள்ள பேனலைச் சேமித்துவிடுங்கள். செங்குத்தாக மாற்றும்போது சின்னங்களின் வரிசை கலைந்தாலோ, தவறி எதையாவது நீக்கிவிட்டாலோ ஒரே சொடுக்கில் பழையது திரும்ப வரும். நான் அதைப் பாதி வேலை முடிந்த பிறகுதான் நிறுவினேன். அதனால் முதல் நாள் இரவில் இபஸ் சின்னத்தைப் பேனலில் திரும்பக் கொண்டுவர அரைமணி நேரம் போயிற்று. இப்போது அதில் இரண்டு சேமிப்புகள் இருக்கின்றன. ஒன்று இந்த 36 பிக்சல் ஓரப் பேனல். இன்னொன்று, வீட்டில் மானிட்டரோடு இணைக்கும்போது போட்டுக்கொள்ள, தேதியும் கிழமையும் முழுதாகத் தமிழில் ஓடும் பழைய மேல் பேனல்.